பதுங்குகுழியை விட்டு வெளியே வரச் சொன்னவன்

கௌதம்,

ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மகனுக்கு அப்பா கடிதம் எழுதுவதா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் உன்னிடம் வேறெப்படி நான் ரகசியம் பேசுவது, நீயே சொல். பீரங்கிப் பக்கத்தில் நின்று நின்று இடது காது முழுசாகவும் வலது காது பாதியாகவும் போன மனுஷன் நான். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நான் பேசுவது அடுத்த லைன் வீடுகள் வரைக்கும் கேட்கும். போன மாதம் உன் அம்மாவின் காதோரம் போய், 'பொண்ணு கொஞ்சம் இளைச்சாப்ல கீதே' என்று கிசுகிசுத்தேன். மறுநாள் காலையில் குழாயடியில் நான்கு பேர் அவளிடம், 'வரப்போற மருமகளுக்கு உடம்பு சரியில்லையாமே?' என்று விசாரித்துவிட்டார்கள். தங்கவயல் ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் சுவருக்கும் காது உண்டு என்பார்கள். என் விஷயத்தில் சுவருக்குக் காதே தேவையில்லை. அதனால்தான் இந்த நோட்டு. நீ மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறினால் பெங்களூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உட்கார இடம் கிடைத்ததும் எடுத்துப் படி. நின்றுகொண்டு படிக்காதே.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பங்காருப்பேட்டையில் பழைய பட்டாளத்துக் கூட்டாளியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன் அல்லவா? அது பொய். குடியாத்தம் பக்கத்து அகதி முகாமுக்குப் போய், நீ கட்டிக்கொள்ளப் போகிற தர்ஷினியின் அம்மாவைப் பார்த்தேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அந்தக் கல்யாணமே நின்றுபோகக்கூடிய ஒரு விஷயத்தை, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் மனசாட்சியைக் கழுவிக்கொள்ள உன் வாழ்க்கையைப் பணயம் வைக்கும் உரிமை எனக்குக் கிடையாது. தெரிந்தேதான் போனேன். உன்னிடம் முதலில் சொல்லியிருந்தால், 'விடுப்பா, பழசெல்லாம் இப்ப இன்னாத்துக்கு' என்று நீ நல்ல மனசோடு சொல்லியிருப்பாய். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு வாயை மூடியிருப்பேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் கடைசியில்தான் எழுதப் போகிறேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற புத்தி உனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. இன்றைக்கு ஒருநாள் வரிசையாகப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் ஆஸ்பெஸ்டாஸும் ஒரு பக்கம் ஓலையுமாக அந்தச் சின்ன வீடு, அதில் நமக்காக அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிப் போட்டிருந்த நாற்காலிகள். உன் அம்மாவுக்குப் பெருமை அடித்துக்கொள்ள நகையா நட்டா, என்னைத்தான் எடுத்து விட்டாள். "இவரு பட்டாளத்துல பதினேழு வருஷம் இருந்தாரு. பீரங்கி வுட்டவரு" என்றாள். தர்ஷினியின் அம்மா தட்டில் பலகாரம் வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அப்பிடியே அண்ணை? ஆமியில எந்தப் பக்கம் இருந்தனீங்கள்?" என்று கேட்டார்கள். குரலில் ஒன்றுமில்லை, வந்தவரிடம் ஊர் விசாரிக்கிற குரல்தான். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "ராஜஸ்தான்மா. முச்சூடும் ராஜஸ்தான்தான். மணலு, ஒட்டகம்" என்றேன். ஒட்டகத்தை வேறு சேர்த்துக்கொண்டேன் பார். நீ சிரித்தாய், தர்ஷினி சிரித்தாள், அவர்களும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில், "இன்னாத்துக்குப் பொய் சொன்ன?" என்று கேட்டாள். காது கேட்காததுபோல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். செவிடாயிருப்பதில் சில வசதிகள் உண்டு.

நான் இலங்கைக்குப் போனவன், கௌதம். அங்கே சண்டை நடந்தபோது நம் ராணுவம் அமைதிப்படை என்று கப்பலில் போனதே, அதில் நானும் போனேன். உன் அம்மாவுக்கு அந்த அளவு தெரியும். உனக்கு அதுவும் தெரியாது. நான் சொல்லவில்லை.

அந்தப் பொய்யோடு நான் காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் அதற்கடுத்த மாதம் அவர்கள் நம் வீடு பார்க்க வந்தார்களே, அன்றைக்குத்தான் என்னால் தாங்க முடியாமல் போனது. உள்ளே நுழைந்ததும் நேர் எதிரே சுவரில் புத்தர் படம். நமக்கு அவர் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து வீட்டு மனுஷர். 'யாருக்கும் நாங்க கீழ இல்ல' என்று தங்கவயலில் நம் ஆட்கள் நிமிர்ந்து நின்றது அவரைப் பிடித்துக்கொண்டுதான். இலங்கையிலிருந்து ஓடிவந்த அவர்களுக்கு அந்த முகம் வேறு எதையெல்லாம் ஞாபகப்படுத்தும் என்று நம் மூன்று பேருக்குமே தோன்றவில்லை. வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். தர்ஷினி, "அம்மா" என்று கையைப் பிடித்தாள். அவர்கள் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்கட வீட்டுப் புத்தர் தமிழ் கதைப்பார் என்ன?" என்று கேட்டார்கள். உன் அம்மா, "தமிழும் பேசுவாரு, கன்னடமும் பேசுவாரு, சண்ட வந்தா தெலுங்கும் வரும்" என்றதும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். விகாரையில் பஞ்சசீலம் சொல்லித்தான் கல்யாணம் என்று நாம் தயங்கித் தயங்கிச் சொன்னபோதும், "பிள்ளையள் சந்தோசமா இருந்தாச் சரி" என்று முடித்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டார்கள் அந்த அம்மாள். நான் ஒரு அடிகூட எடுத்து வைக்காமல் ஒட்டகத்தின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். அன்று அவர்களுக்குப் போட்ட சாப்பாட்டில் எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இனி ஆதியிலிருந்து சொல்கிறேன். எனக்குப் பதினான்கு வயதில் உன் தாத்தா சுரங்கத்துக்குள்ளேயே செத்துப்போனார். ராக்பர்ஸ்ட். பூமிக்கடியில் பாறை தன் பாரம் தாங்காமல் வெடிப்பது. உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் அந்த அதிர்ச்சியில் ஆடிய தொட்டிலில் தூங்கியவன்தான். மேலே பாத்திரம் உருளும், ஓடு நகரும், உடனே லைன் முழுக்க வீட்டை விட்டு வெளியே வந்து வெட்டவெளியில் நிற்கும். 'தரை ஆடினா கூரைக்கு அடியில நிக்காத' என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த சட்டம். அதற்கப்புறம் ஜனம் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடும். அன்றைக்கு நானும் ஓடினேன். ஆள் ஏற்றி இறக்குகிற கேஜ் ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் கம்பிக்குப் பின்னால் முகங்களை எண்ணினேன். மூன்றாம் நாள்தான் அவரை மேலே கொண்டுவந்தார்கள். கூட இருந்த ஒருவர், "மூணு அடி தள்ளி நின்னிருந்தா பொழச்சிருப்பாரு. கூரை அவரு மேலதான் வுழுந்துச்சு" என்றார். அந்த மூன்று அடி என் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பேன். இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மணமக்களைப் பார்ப்பார்கள், நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சுரங்கத்துக்குள் போகக்கூடாது என்று பாட்டி அழுது பிடிவாதம் பிடித்ததால்தான் நான் பட்டாளத்துக்குப் போனேன். கோலாரில் ஆள் எடுத்தார்கள். ஓடச் சொன்னார்கள், ஓடினேன், எடுத்துக்கொண்டார்கள். தோள் அகலமாக இருந்ததால் பீரங்கிப் படை. குண்டு தூக்கிக் கொடுப்பவனாக ஆரம்பித்து, அப்புறம் குறி வைப்பவனாக ஆனேன். பீரங்கிக்காரன் எதிரியைப் பார்த்துச் சுடுகிறான் என்றுதானே சினிமா பார்த்து நினைத்திருக்கிறாய்? அப்படி இல்லை. எங்கேயோ பல மைல் தூரத்தில், பனைக்கும் தோப்புக்கும் அந்தப் பக்கம், குண்டு விழும் இடத்தை ஒரு ஆபீசர் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஒயர்லெஸ்ஸில் எண்கள் சொல்வார். நான் அந்த எண்களைக் கருவியில் வைத்து, ஐம்பது அறுபது அடி தள்ளி நட்டிருக்கிற சிவப்பு வெள்ளைக் கம்பு இரண்டையும் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் கை தூக்குவேன். அவ்வளவுதான் என் யுத்தம். பல நாள் அந்தக் கம்பு பீரங்கிக்கு முன்னால்கூட இருக்காது, பின்பக்கம் இருக்கும். நான் சுட்ட எதையும் நான் பார்த்ததில்லை. 'நான் கம்பத்தைத்தாம்பா பாத்தேன்' என்று எனக்கு நானே ரொம்ப வருஷம் சொல்லிக்கொண்டேன். அதை நீ என்றைக்கும் நம்பாதே. நாம் பார்க்காத இடத்திலும் நம் காரியம் போய் விழத்தான் செய்கிறது.

இலங்கைக்குப் போன புதிதில் என்னை எல்லோரும் தேடினார்கள். எங்கள் பீரங்கிக் குழுவில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாங்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், பனங்கூடல் என்று அங்கே சொல்கிற பனந்தோப்பைத் தாண்டி ஒரு வீடு. நல்ல தண்ணீர்க் கிணறு. தண்ணீர் எடுக்க இரண்டு பேரோடு நான்தான் போவேன். வீட்டில் ஒரு அக்கா, அவர் கணவர், ஆறு வயதில் ஒரு பெண் பிள்ளை. நான் அண்ணன் என்று கூப்பிட்ட அந்தக் கணவர், வீட்டு முன்னாலேயே சைக்கிள் பழுது பார்ப்பவர். முதல் நாள் துப்பாக்கியோடு எங்களைப் பார்த்ததும் மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான், "அக்கா, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கவா?" என்றதும் அந்த அக்காவின் முகம் மாறியது. "தம்பி தமிழோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் எவ்வளவு இருந்தது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. எனக்கு வயது இருபத்தொன்றோ இரண்டோ. வீட்டை விட்டு இரண்டு வருஷம். என் பாஷையில் ஒருத்தி என்னைத் தம்பி என்றதும் உச்சி குளிர்ந்துவிட்டது. அப்புறம் தினமும் போவேன். தேத்தண்ணி தருவார். பிள்ளைக்கு நான் ரேஷன் பிஸ்கட் கொண்டுபோவேன். "கோலார் எங்க இருக்குது? உண்மையாகவே மண்ணுக்குள்ள தங்கம் இருக்குதோ?" என்று அண்ணன் கேட்பார். நானும், ஏதோ எங்கள் வீட்டுப் பின்பக்கம் வாளியில் அள்ளுவதுபோல் அளப்பேன்.

அவர்கள் வீட்டுப் பின்னால் ஒரு பதுங்குகுழி இருந்தது. அங்கே எல்லா வீட்டிலும் இருந்தது. தரையில் பள்ளம் வெட்டி, மேலே தென்னை மரக் குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டு மூடியிருப்பார்கள். குண்டுச் சத்தம் கேட்டால் பிள்ளைகுட்டியோடு உள்ளே போய்விடுவார்கள். ஒருநாள் அண்ணன் பெருமையாக அதைக் காட்டினார். தானே வெட்டியது. "தம்பி சுரங்க ஊர்க்காரன்தானே, எப்பிடி இருக்குது சொல்லும்" என்றார். பாவி, அவர் கேட்டிருக்கக் கூடாது. நான் உள்ளே இறங்கிக் கூரையைப் பார்த்தேன். மணல் மண். இரண்டு ஓரத்திலும் முட்டுக் கிடையாது. குற்றிகள் வெறும் மண்ணில் உட்கார்ந்திருந்தன. பதினான்கு வயதில் ஷாஃப்ட் வாசலில் நின்ற பையன் எனக்குள் எழுந்து வந்துவிட்டான். பட்டாளத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? குண்டு விழுந்தால் பள்ளத்தில் படு, எழுந்திருக்காதே, வெடித்த குண்டின் சில்லு தரைக்கு மேலேதான் பறக்கும் என்று. தலைகீழாக எனக்குத் தெரிந்த பாடம். என் தொழிலே அந்தச் சில்லைப் பறக்க விடுவதுதான். அத்தனையும் தெரிந்த நான், மேலே ஏறி வந்து, பெரிய மேஸ்திரி மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்: "அண்ணா, இது வுழுந்துடும். உயிரோட சமாதிதான். தரை ஆடுச்சுன்னா இதுக்குள்ள இருக்காதீங்க. வெளிய வந்து வெட்டவெளில நில்லுங்க. எங்க ஊர்ல எல்லாம் அப்படித்தான்."

'நான் நாளைக்கு வந்து நாலு முட்டுக் கொடுத்துத் தரேன்' என்று சொல்லியிருக்கலாம். அரை நாள் வேலை. பனங்குற்றிக்குப் பஞ்சமா அங்கே? எனக்குத் தோன்றவே இல்லை. நிபுணன் அல்லவா, தீர்ப்புச் சொன்னால் போதும் என்றிருந்துவிட்டேன். கௌதம், நீ லிஃப்ட் மெக்கானிக். உன் தொழிலில் நீ கெட்டிக்காரன் என்று உன் சூப்பர்வைசர் என்னிடம் சொன்னபோது எனக்கு மார்பு விரிந்தது. ஆனால் கெட்டிக்காரனுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். தன் ஊர் நியாயத்தை இன்னொரு ஊரில் கொண்டுபோய் வைப்பான். கேட்பவர்களும் அவன் முகத்தில் இருக்கிற நிச்சயத்தைப் பார்த்து நம்பிவிடுவார்கள். தெரியாதவன் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அவனால் ஊருக்குக் கெடுதல் குறைவு.

நான்கைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் சண்டை மூண்டது. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் இருக்கலாம். இரண்டு பக்கமிருந்தும் விழுந்தது. எங்களுக்கு எண்கள் வந்துகொண்டே இருந்தன. நான் கம்பத்தைப் பார்த்தேன், கை தூக்கினேன், கம்பத்தைப் பார்த்தேன், கை தூக்கினேன். மறுநாள் தண்ணீருக்குப் போனோம். வேலி கிழிந்து கிடந்தது. வீட்டுச் சுவரில் அங்கங்கே பொத்தல். முற்றத்தில் ஊர் ஜனம் கூடியிருந்தது. நான் நேராகப் பின்பக்கம் ஓடினேன், பதுங்குகுழி விழுந்திருக்கும், தோண்ட வேண்டும் என்று. அது அப்படியே இருந்தது. ஒரு குற்றி நகரவில்லை. ஒரு மூட்டை சரியவில்லை. அதன் வாசலில் பிள்ளையின் செருப்பு ஒன்று கிடந்தது.

அக்கா அங்கே வந்தார். அழுது ஓய்ந்த முகம். என்னைத் திட்டவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். "உள்ளுக்குத்தான் இருந்தனாங்கள் தம்பி. நிலம் அதிரத் தொடங்கினதும் அவர்தான், வெளியில வாங்கோ, தம்பி சொன்னவன், வெளியில வாங்கோ எண்டு எங்களை இழுத்துக்கொண்டு வந்தார். முருங்கையடியில நிண்டனாங்கள். எனக்கும் பிள்ளைக்கும் ஒண்டுமில்லை. அவருக்குத்தான்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "தண்ணிக்கு வந்தனீங்களோ? எடுங்கோ" என்றார். நான் எடுக்கவில்லை. கூட வந்த இரண்டு பேருக்கும் என்ன நடந்தது என்றே புரியவில்லை, வாளியோடு நின்றார்கள். இரண்டு நாளில் எங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அந்த வீட்டைத் தாண்டித்தான் வண்டி போனது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தச் சில்லு யாருடையது என்று எனக்குத் தெரியாது. எங்களுடையதாக இருக்கலாம், எதிர்ப்பக்கத்துடையதாக இருக்கலாம். எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்தும் தெரியவில்லை. ஆனால் அந்த மனுஷனைக் குழியிலிருந்து வெளியே கொண்டுவந்து நிறுத்தியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது உனக்கு ஒன்று புரியும். நான் பென்ஷனோடு ஊருக்கு வந்த வருஷம். உனக்கு ஐந்து வயது. சுரங்கத்தை மூடியிருந்தாலும் கீழே பாறை அடங்கவில்லை. ஒரு சாயங்காலம் தரை நன்றாகவே ஆடியது. அலமாரியில் டம்ளர்கள் விழுந்தன. லைனில் எல்லோரும் வெளியே ஓடினார்கள். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் ஓடி, அங்கேயே நின்றுவிட்டேன். வெளியே போகவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை. கடைசியில் உன்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, உன் மேல் நான் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். உன் அம்மா, "இன்னா பண்ற? புள்ளைய வெளிய எடுத்துனு வா!" என்று வெளியிலிருந்து கத்தினாள். நான் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேர் வந்து என் காலைப் பிடித்து இழுத்தார்கள். நீ வெகு காலம் அதை உன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாய். "எங்கப்பா மிலிட்டிரி, ஆனா கட்டிலுக்கு அடியில பூந்துக்குவாரு." ஒரு தடவை அதைக் கேட்டுவிட்டு உன்னை அறைந்தேன். உனக்குப் பத்து வயது இருக்கும். பிள்ளை சிரித்ததற்கு அடித்த அப்பன் நான். அதற்கு இன்றைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். எந்த உண்மையை ஒளித்து வைக்கிறாயோ, அது வேறு எங்காவது கையை நீட்டி யாரையாவது அடித்துவிடும். தர்ஷினியிடம் எதையும் ஒளிக்காதே. அவள் இங்கே வந்ததும் ஒருநாள் உட்கார வைத்து, இந்த ஊரில் எப்போதாவது தரை ஆடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. ஆடினால் என்ன செய்வது என்பதை இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். நீயாகத் தீர்ப்புச் சொல்லாதே.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் தனியாக வந்து நின்றதைப் பார்த்ததும் தர்ஷினியின் அம்மா பயந்துவிட்டார்கள். "என்ன அண்ணை, தம்பிக்கு ஏதும்?" என்று கேட்டார்கள். "அவன் நல்லாத்தான் இருக்கான்மா. நான்தான் உங்க கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். என் குரலின் லட்சணம் தெரியுமே, முகாமில் பாதிப் பேர் வாசலுக்கு வந்திருப்பார்கள். அதைப் பற்றியும் கவலைப்படவில்லை. நான் முடித்த நேரத்தில் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். தர்ஷினியின் அம்மா எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஒரு குடத்தைத் தூக்கப் போனேன், "விடுங்கோ" என்று தடுத்துவிட்டார்கள். இரண்டு நடை நடந்து நான்கு குடம் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் கால் மணி நேரம் நான் உன் கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். உன் முகத்தில் எப்படி விழிப்பேன், விகாரையில் என்ன சொல்வேன் என்றெல்லாம் ஓடியது. அதற்கடியில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதியும் இருந்தது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்கள். "என்ட பெரியண்ணை ஷெல் விழுந்துதான் போனவர். ஆர் அடிச்சது எண்டு எங்களுக்கும் தெரியாது" என்றார்கள். பிறகு, "கலியாணம் நிக்காது. பிள்ளையள் என்ன பிழை செய்ததுகள்? ஆனா உங்களில எனக்குக் கோவம் இருக்குது. அது போகுமோ தெரியாது. போகாட்டியும் நான் வருவன், சிரிச்சுக்கொண்டு நிப்பன்" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அப்போதுதான் கேட்டார்கள்: "அந்த மனுசிக்கு என்ன பேர்?"

எனக்குத் தெரியவில்லை, கௌதம். அந்த அக்கா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்தேன், தேத்தண்ணி குடித்தேன், அவர் தாலியை அறுத்துவிட்டு வந்தேன். அக்கா, அக்கா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெயரைக் கேட்டதே இல்லை. அண்ணன் பெயரும் தெரியாது. பிள்ளையைக் குட்டி என்பார்கள். "தெரியலம்மா" என்று சொல்லும்போது நான் உடைந்துவிட்டேன். உன் தாத்தாவை மேலே கொண்டுவந்த அன்றைக்கு அழுதது, அப்புறம் அன்றைக்குத்தான். அந்த அம்மாள் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஊர்ப் பேராவது தெரியுமோ?" என்றார்கள். அது தெரியும், சொன்னேன். "என்ட தங்கச்சி அங்கதான் கிட்ட இருக்கிறாள். விசாரிக்கச் சொல்லுறன்" என்றார்கள். பிறகு அவர்கள் சொன்னதைக் கேள். "எனக்கு அங்க போக ஏலாது அண்ணை. போனா இஞ்ச திரும்பி வர விடமாட்டினம். முப்பத்தஞ்சு வருசம் ஊரைப் பாக்கேல்லை நான். உங்களுக்குப் போகலாம். பாஸ்போட் எடுத்தா ஒரு கிழமையில போய்ட்டு வரலாம். நீங்கள் போகத்தான் வேணும்."

அதனால் போகிறேன். உன் கல்யாணம் முடிந்து, விருந்தெல்லாம் ஓய்ந்ததும். உன் அம்மாவிடம் நேற்று முழுவதையும் சொல்லிவிட்டேன், இந்த நோட்டில்தான் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, என் துணிகளில் எது நல்லதாக இருக்கிறது என்று பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். நீ என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு, ஆனால் என்னோடு வா. அந்த அக்கா இருக்கிறாரா, இருந்தாலும் கதவைத் திறப்பாரா, ஒன்றும் தெரியாது. தனியாக அந்த வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை, மகனே.

முகாமிலிருந்து கிளம்பும்போது, அங்கே போய் முதலில் நான் என்னவென்று சொல்லி ஆரம்பிப்பது என்று சம்பந்தியம்மாவிடமே கேட்டேன். அவர்கள் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூட நடந்து வந்தார்கள். நான் ஏறிய பிறகு ஜன்னலோரம் வந்து சொன்னார்கள்:

"ஒண்டும் சொல்லாதேங்கோ அண்ணை. முதல்ல பேரைக் கேளுங்கோ."

உன் அப்பா